தம்பி கண்ணுல லென்ஸ் நகந்துருக்குன்னு சொல்றாங்க, அதுக்கும் கண்ணு பிரஷருக்கும் என்னா சம்பந்தம்?

சிப்புட்_அக்கா · செவ்வாய், ராத்திரி 9:52

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துலேர்ந்து டவுன் டாமான் வீட்டுக்கு வந்து ஆறு வருசம் ஆச்சி. என் தம்பிக்கு 19 வயசு. ஆள் ஒல்லி, ஆறடி ரெண்டு இஞ்சி, ஸ்கூல்ல எல்லாம் ஒட்டடைக்கம்புன்னுதான் கூப்புடுவாங்க. செகண்டரி ஸ்கூல்ல பாரம் 1 படிக்கும்போதுலேர்ந்து கண்ணாடி, ஆறு மாசத்துக்கு ஒருக்கா பவர் மாறும், ஒவ்வொரு தடவையும் இருநூறு முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) போகும், நாங்களும் போன் பாத்து பாத்து கெட்டுப்போச்சின்னு அவனைத்தான் திட்டுவோம். போன மாசம் புதுசா ஒரு கடைக்கு போனோம், அங்க பாத்தவரு ரொம்ப நேரம் லைட் அடிச்சி பாத்துட்டு, கண்ணாடி போட மாட்டேன், மொதல்ல கண் டாக்டர பாருங்கன்னு லெட்டர் குடுத்துட்டாரு.

ஈப்போ பெரியாஸ்பத்திரில பாத்தாச்சி. ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் இருக்க வேண்டிய எடத்துல இல்லையாம், மேல் பக்கமா நகந்துருக்காம். பிரஷர் இப்ப 17, நார்மல், ஆனா ஆயுசுக்கும் பிரஷர் செக் பண்ணிக்கிட்டே இருக்கணும், கிளாக்கோமா, அதாவது பிரஷரால கண் நரம்பு கெட்டுப்போற நோய், வரலாம்னு சொன்னாங்க. அதோட இருதய டாக்டரையும் பாக்கணுமாம். அம்மாவுக்கு ஒண்ணும் புரியல, கண்ணுக்குப் போனா எதுக்கு நெஞ்ச பாக்கச் சொல்றாங்கன்னு ஒரே அழுகை. டாக்டரு சொன்னிச்சி எல்லாம், ஆனா வெளில முப்பது பேரு காத்துக்கிட்டு இருக்கும்போது நம்ம எங்க கேள்வி கேக்குறது. லென்ஸ் நகந்தா பார்வை மங்கும், சரி. பிரஷர் எதுக்கு ஏறுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இன்னொண்ணு, அவன் அடுத்த மாசம் மாமாகூட செம்பனை குலை ஏத்துற வேலைக்குப் போறதா இருந்தான். அனுப்பலாமா?

---

லயத்துப்பையன் · செவ்வாய், ராத்திரி 10:10

அக்கா என் ஃபிரண்டுக்கும் இப்படித்தான், லென்ஸ் கண்ணுக்குள்ள மேல போயி மாட்டிக்கிச்சி, தண்ணி ஊத்தி கழுவுனா வந்துரும் லா. பயப்படாதீங்க.

---

குலைவெட்டி77 · செவ்வாய், ராத்திரி 10:14

தம்பி அது காண்டாக்ட் லென்சு. இவங்க சொல்றது பொறக்கும்போதே கண்ணுக்குள்ள இருக்குற லென்சு. கண்ணுல புரை விழுந்தா எடுக்குறாங்களே, அது.

---

லயத்துப்பையன் · செவ்வாய், ராத்திரி 10:15

அய்யோ சாரி லா 🙈

---

கண்ணாடிக்கடை_தம்பி · செவ்வாய், ராத்திரி 11:03

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணாடிக்கு பவர் பாக்குறவன், டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். (அந்தக் கடை நான் இல்ல, ஆனா அந்த ஆளுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் குடுக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பவர் மாறுது, அதுவும் கோணல் பார்வைக்குப் போடுற சிலிண்டர் பவர் தாறுமாறா ஏறுதுன்னா கண்ணாடி விக்கிறத நிறுத்திட்டு உள்ள என்னா நடக்குதுன்னு பாக்கணும். அவர் பாத்தாரு.)

அக்கா, கண்ணை வெளிலேர்ந்து உள்ளுக்கு யோசிச்சி பாருங்க. முன்னாடி வாட்ச் கண்ணாடி மாதிரி கார்னியா. அதுக்குப் பின்னாடி தண்ணி நெறஞ்ச சின்ன ரூம், ஆழம் ஒரு 3 மில்லிமீட்டர்தான். அந்த ரூமோட பின் சுவருதான் ஐரிஸ், நம்ம கண்ணுல பிரவுனா தெரியுற வட்டம். அதுக்கு நடுவுல உள்ள ஓட்டைதான் கண்ணு பாப்பா. அந்த ஓட்டைக்கு நேர் பின்னால ஒட்டிக்கிட்டு லென்ஸ், சின்ன உளுந்து வடை சைசு கூட இல்ல, 9, 10 மில்லிமீட்டர் அகலம். இது தானா நிக்கல. சுத்திவர ஒரு தசை வளையம் இருக்கு, அதுலேர்ந்து முடியவிட மெல்லிசான நூலுங்க நூத்துக்கணக்குல வந்து லென்ஸ இழுத்துப் புடிச்சிருக்கு. கோயில் திருவிழால பந்தல் துணிய சுத்தி கயிறு கட்டுவோம்ல, அப்டி. ஒரு பக்கம் நூல் அறுந்தாலோ தொய்ஞ்சாலோ லென்ஸ் அடுத்த பக்கம் ஓடிடும். உங்க தம்பிக்கு கீழ்ப்பக்க நூலு வீக், அதனால மேல போயிருக்கு.

இப்ப பிரஷர். அந்த தசை வளையத்துலதான் கண்ணுக்குள்ள ஓடுற தண்ணி ஊறுது. கண்ணீர் இல்ல, இது வேற, உள்ளுக்குள்ளேயே ஊறி உள்ளுக்குள்ளேயே போற தண்ணி. நிமிசத்துக்கு 2, 2.5 மைக்ரோலிட்டர். சொட்டு மருந்து பாட்டில்ல ஒரு சொட்டு விழுதுல்ல, அந்த அளவு சேர ஒரு இருவது நிமிசம் ஆகும். கொஞ்சம்தான், ஆனா ராத்திரி பகல் நிக்காது. அது ஐரிசுக்குப் பின்னாடி ஊறி, லென்சுக்கும் ஐரிசுக்கும் நடுவுல உள்ள சந்துல நுழைஞ்சி, பாப்பா ஓட்டை வழியா முன் ரூமுக்கு வந்து, ரூமோட மூலைல ஒரு வடிகட்டி மாதிரி இருக்கு, அது வழியா ரத்தத்துல கலந்துடும். ஊறுறதும் வடியுறதும் சமமா இருந்தா பிரஷர் 10லேர்ந்து 21க்குள்ள நிக்கும்.

பாத்தீங்களா, தண்ணி போற பாதைல வாசப்படி மாதிரி லென்ஸ் உக்காந்துருக்கு. அது ஒழுங்கா இருக்குறவரைக்கும் பிரச்சனை இல்ல. நூல் தளந்து லென்ஸ் முன்னாடி வந்து பாப்பா ஓட்டைய அடைச்சிக்கிச்சின்னா, பின்னாடி ஊறுற தண்ணிக்கு வழி இல்ல. லயத்து லோங்காங்குல (சாக்கடைல) மட்டை விழுந்து அடைச்சா என்னா ஆகும், மேல் வீட்டு வாசல் பூரா தண்ணி. அதேதான். பின்னாடி தேங்குற தண்ணி ஐரிச முன்னுக்குத் தள்ளும், ஐரிஸ் போயி மூலைல இருக்குற வடிகட்டியையும் மூடிடும். அப்ப பிரஷர் 50, 60ன்னு கூட ஏறும், சில மணி நேரத்துலயே.

---

சிப்புட்_அக்கா · புதன், காலை 6:40

லோங்காங்குன்னு சொன்னதும்தான் எனக்கே புரிஞ்சிச்சி. அம்மாவுக்கு காலைல அப்படியே சொல்லிக் குடுத்தேன். ரொம்ப நன்றி. ஆனா அவனுக்கு லென்ஸ் மேலதானே போயிருக்கு, முன்னாடி வரலியே?

---

ஓய்வு_மிஸ்ஸி · புதன், காலை 8:25

வணக்கம் மா. 31 வருசம் அரசாங்க ஆஸ்பத்திரில நர்சு வேலை, அதுல பாதிக்கு மேல கண் பிரிவு, இப்ப பேரப்பிள்ளைய பாத்துக்கிட்டு வீட்ல. மேல சொன்ன தம்பி சரியா சொல்லிருக்காரு. நான் கொஞ்சம் சேத்துக்குறேன்.

உயரம், ஒல்லி, ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் மேல, நெஞ்ச பாக்கச் சொன்னாங்க. டாக்டர் வாயால சொன்னாரோ இல்லையோ, அவரு மனசுல மார்ஃபான்னு ஒரு நோய் இருக்கு. 1896ல பாரிஸ்ல அன்டுவான் மார்ஃபான்னு ஒரு குழந்தை டாக்டரு, விரலெல்லாம் சிலந்தி கால் மாதிரி நீளமா இருந்த ஒரு சின்னப் பொண்ண பத்தி எழுதுனாரு, அதுலேர்ந்து அந்தப் பேரு. உடம்புல ஃபைபிரில்லின்னு ஒரு புரதம், அதுதான் லென்ஸ் கட்டியிருக்குற நூலுக்கு மூலப்பொருள். அதே பொருள்தான் இருதயத்துலேர்ந்து கெளம்புற பெரிய ரத்தக் குழாய் சுவத்துலயும் இருக்கு. நூலு தரம் கொறைஞ்சதுன்னா அந்தக் குழாயும் மெல்ல மெல்ல வீங்கலாம். அதனாலதான் கண் டாக்டரு நெஞ்ச ஸ்கேன் பண்ணச் சொல்றாரு. 2010ல திருத்தி எழுதுன விதிலயும் இந்த நோய கண்டுபுடிக்க முக்கியமான ரெண்டு அடையாளமே லென்ஸ் நகர்றதும் அந்தக் குழாய் வீங்குறதும்தான். அம்மா அழ வேணாம்னு சொல்லு, கண்ணுல தெரிஞ்சதே நல்லதுன்னு நினைச்சிக்க சொல்லு. ஸ்கேன் தேதிய மட்டும் தள்ளிப் போடாதீங்க.

உன் கேள்விக்கு வர்றேன். மார்ஃபான்ல லென்ஸ் பெரும்பாலும் மேல, வெளிப்பக்கமாத்தான் போகும், முன் ரூமுக்குள்ள விழுறது கொறைவு. ஆனா நூல் நாளாக நாளாக இன்னும் தளரும், லென்சும் வயசாக ஆக தடிச்சிக்கிட்டே போகும். அதோட வடிகட்டி தெறந்தே இருந்தும் மெதுவா பிரஷர் ஏறுற வகையும் இவங்களுக்கு மத்தவங்களவிட அதிகம் வருது. அதுல வலி கிடையாது, செவக்காது, ஒண்ணும் தெரியாது. அதுனாலதான் ஆயுசுக்கும் செக் பண்ணச் சொன்னாங்க.

---

குலைவெட்டி77 · புதன், மத்தியானம் 1:15

அந்த ஒண்ணும் தெரியாதுங்குறத என்கிட்ட கேளுங்க.

எனக்கு குடும்ப நோயெல்லாம் இல்ல. 2009ல, பழைய மரம், முப்பதடி இருக்கும், கழிய நீட்டி மட்டைய இழுக்குறேன், காஞ்ச மட்டை ஒண்ணு வழுக்கி நேரா வலது கண்ணுல. நட்சத்திரம் தெரிஞ்சிதுன்னு சொல்வாங்கள்ல, நெசமாவே தெரிஞ்சிச்சி. கண்ணுக்குள்ள ரத்தம் கட்டி, பாதி கண்ணு கருஞ்செவப்பு. பக்கத்துல ஒரு கிளினிக்ல கண்ணை மூடிக் கட்டி அஞ்சு நாள் எம்.சி. (மெடிக்கல் லீவு) குடுத்தாங்க, ரத்தம் கரைஞ்சிச்சி, அவ்ளோதான்னு நானும் வேலைக்கு வந்துட்டேன். அந்தக் கண்ணை மட்டும் வச்சி பாத்தா நிலா ரெண்டா தெரியும், இடது கண்ணையும் சேத்து பாத்தா ஒண்ணுமில்ல, அதனால கண்டுக்கல. பன்னெண்டு வருசம்.

2021ல மோட்டர்ல போறப்ப வலது பக்கமா வந்த மாட்டு மேல போயி இடிச்சேன். மாடு அவ்ளோ பெருசா இருக்கு, எனக்குத் தெரியல. மவன் வற்புறுத்தி கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனான். வலது கண்ணு பிரஷர் 38. லென்ஸ் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு, வடிகட்டி இருக்குற மூலை பாதி வட்டத்துக்கு மேல கிழிஞ்சிருக்குன்னாங்க, அன்னைக்கு அடிபட்டப்பவே கிழிஞ்சது. மொதல்ல தாங்குமாம், உள்ளுக்குள்ள தழும்பு விழுந்து வருசக்கணக்குல கழிச்சி தண்ணி வடியாமப் போயிருமாம். நரம்பு முக்காவாசி போயிருச்சி. போனது போனதுதான், மருந்து போடுறது மிச்சத்த காப்பாத்த.

வேலைல நடந்த அடிய அன்னைக்கே சொக்சோல (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புல) பதிஞ்சிருக்கணும், நான் கங்காணிகிட்ட வாய்ல சொன்னதோட சரி. முதலாளி 48 மணி நேரத்துல தெரியப்படுத்தணும்னு எனக்கு யாரும் சொல்லல, சொல்லவும் மாட்டாங்க. கூட வேலை செய்ற வங்காளதேசத்து பசங்களுக்கும் சொல்றேன், 2019லேர்ந்து அவங்களுக்கும் சொக்சோ இருக்கு.

---

கண்ணாடிக்கடை_தம்பி · புதன், மத்தியானம் 1:48

அண்ணே, ஒரு கண்ணுல மட்டும் பாத்தா ரெண்டா தெரியுதுன்னு சொன்னீங்கல்ல, அதுதான் லென்ஸ் ஓரம் பாப்பாவுக்கு நடுவுல வந்துட்டதோட அடையாளம். பாதி வெளிச்சம் லென்ஸ் வழியா, பாதி லென்ஸ் இல்லாத சந்து வழியா போகும். கடைக்கு வர்றவங்க இத சொன்னா நான் விடவே மாட்டேன். இன்னொரு அடையாளம், கண்ணை இப்படி அப்படி ஓட்டிட்டு நிறுத்துனா ஐரிஸ் ஜெல்லி மாதிரி ஆடி நிக்கும், ஏன்னா பின்னாடி தாங்குறதுக்கு லென்ஸ் இல்ல.

பொதுவா உலகம் பூரா லென்ஸ் இடம் மாறுறதுக்கு முதல் காரணமே அடிபடுறதுதான். நம்ம ஊர்ல மட்டை, பேட்மிண்டன் பூ, சண்டை.

---

பொன்னாங்கண்ணி_அத்தை · புதன், சாயந்திரம் 5:30

இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சா பயம்தான் காட்டுவாங்க. நந்தியாவட்டை பூவ காலைல பறிச்சி கசக்கி ரெண்டு சொட்டு, தொடர்ந்து 48 நாளு. எங்க பாட்டி 90 வயசு வரைக்கும் ஊசில நூல் கோத்தாங்க. பொன்னாங்கண்ணி கீரையும் குடுங்க.

---

ஓய்வு_மிஸ்ஸி · புதன், சாயந்திரம் 6:05

அத்தை, கீரை தாராளமா குடுங்க, நானும் கொல்லைல வச்சிருக்கேன். ஆனா பூச்சாறு கண்ணுல வேணாம். நந்தியாவட்டை பால் ஊத்தி கார்னியால புண்ணு, கிருமி, அப்டி எத்தனை பேரு வந்து எங்க வார்டுல படுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். அதோட அறுந்த நூல எந்தச் சாறும் கட்டாது.

இன்னொண்ணயும் சொல்லிடுறேன், கடையில வாங்குற செவப்பு எடுக்குற சொட்டு. அதுல ஸ்டீராய்டு கலந்தது இருந்தா சில பேருக்கு ரெண்டு மூணு வாரத்துலயே பிரஷர் ஏறும். லென்ஸ் நகந்தவங்க டாக்டர் எழுதிக் குடுக்காம அதத் தொடவே கூடாது.

---

ஜாலான்_ஓரம் · புதன், ராத்திரி 8:47

எங்கப்பாவுக்கு கிளாக்கோமா, அவரோட டிமோலோல் சொட்டு ரெண்டு பாட்டில் பாக்கி இருக்கு. சும்மா முன்னெச்சரிக்கையா இந்தத் தம்பிக்கு போட்டுக்கிட்டு வந்தா பிரஷர் ஏறாதுல்ல? வேணும்னா நான் தர்றேன்.

---

சிப்புட்_அக்கா · புதன், ராத்திரி 8:55

அண்ணே நல்ல மனசு உங்களுக்கு. அவனுக்கு சின்ன வயசுலேர்ந்து மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கு, அது பரவால்லியா?

---

ஓய்வு_மிஸ்ஸி · புதன், ராத்திரி 9:02

கூடவே கூடாது! நல்லவேளை கேட்ட. டிமோலோல் கண்ணுல போட்டாலும் மூக்கு வழியா எறங்கி உடம்புல சேந்துடும், இழுப்புக்காரங்களுக்கு மூச்சடைக்கும். இனிமே எந்த டாக்டர்கிட்ட போனாலும் இழுப்ப மொதல்ல சொல்லு.

பிரஷர்னு ஒரே பேரு வச்சிட்டதுனால ஒரே மருந்துன்னு நெனைக்கிறாங்க. நான் வேலைல சேந்த புதுசுல, திடீர்னு பிரஷர் ஏறி வந்தா கண்ணை மூடிக்கிட்டு பைலோகார்பின் போடுவோம், பாப்பாவ சுருக்குற மருந்து. சாதாரண ஆளுக்கு அது வழி தெறக்கும். ஆனா லென்ஸ் சின்னதா உருண்டையா நூலு தளந்து இருக்குறவங்களுக்கு அதே மருந்து தசைய இறுக்கி நூல இன்னும் தளத்தி லென்ஸ முன்னாடி தள்ளிடும், போட்டதும் நோய் கூடும். அவங்களுக்கு நேர் எதிரா பாப்பாவ விரிச்சி, மல்லாக்கப் படுக்க வச்சா லென்ஸ் பின்னாடி போகும். லென்ஸ் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்காம சொட்டு போட முடியாது, அதுக்குத்தான் டாக்டரு.

---

காஜாங்_மீனா · புதன், ராத்திரி 10:20

தோட்டம் இல்ல நான், பொறந்தது பாகான் செராய். என் சித்தி மவனுக்கும் லென்ஸ் பிரச்சனை, ஆனா இவங்க சொல்ற மாதிரி உயரம் இல்ல. குள்ளம், விரலு குட்டை குட்டையா இருக்கும், மைனஸ் 15 கண்ணாடி. சித்தியும் சித்தப்பாவும் சொந்த மாமா அத்தை பிள்ளைங்க. அவனுக்கு ஒரு நாளு ராத்திரி தலைவலி, வாந்தி, கண்ணு செவந்து லைட்டச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுதுன்னான். வாந்தின்னதும் காஸ்ட்ரிக்னு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க ஒரு எடத்துல. மறுநாள் பார்வையே மங்கிருச்சி, அப்புறம்தான் பெரியாஸ்பத்திரி. ஐரிஸ்ல லேசர் வச்சி சின்ன ஓட்டை போட்டாங்க. அது எதுக்கு மிஸ்ஸி?

---

ஓய்வு_மிஸ்ஸி · வியாழன், காலை 7:50

நீ சொல்றத பாத்தா வைல் மார்ச்செசானின்னு ஒரு வகை மாதிரி இருக்கு, மார்ஃபானுக்கு உருவத்துல நேர் எதிர். லென்ஸ் பந்து மாதிரி சின்னதா உருண்டையா இருக்கும், லேசா முன்னாடி வந்து பாப்பாவுல கார்க் மாதிரி மாட்டிக்கும். நகர்ற லென்ஸ்ல பிரஷர் அடிக்கடி ஏறுறது இதுலதான். லேசர் ஓட்டைன்னா மாற்று வழி, வாசல் அடைச்சாலும் பின் பக்கத்து தண்ணி அந்த ஓட்டை வழியா முன்னாடி வந்துரும். இதுல ஒரு வகை அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாத்தான் பிள்ளைக்கு வரும், சொந்தத்துல கட்டுற நம்ம பழக்கத்துல அதுக்கு வாய்ப்பு கூடும், சித்திகிட்ட குத்தமா சொல்லிடாத, மத்த பிள்ளைங்களையும் பாக்கச் சொல்லு.

அதே மாதிரி லென்ஸ் கீழ எறங்குற ஒரு வகை இருக்கு, ஹோமோசிஸ்டினூரியா. ரத்தம் கட்டுற நோய் அது, மயக்க மருந்து குடுக்குறதுக்கு முன்னாடி டாக்டருக்குத் தெரியலன்னா ஆபத்து. ரத்தம், மூத்திரம் டெஸ்ட் பண்ணா தெரியும், சில பேருக்கு வைட்டமின் பி6லயே நல்லா கேக்கும்.

சிப்புட் பொண்ணு, இந்த மீனா தம்பிக்கு நடந்தத உன் வீட்ல எல்லாருக்கும் சொல்லி வை. கண்ணு வலி, தலைவலி, வாந்தி, வளையம், இல்லாட்டி பாப்பாவுக்கு முன்னாடி எண்ணெய் சொட்டு மாதிரி பளபளன்னு ஏதோ தெரியுது, எதுவா இருந்தாலும் அந்த நிமிசமே எமெர்ஜென்சி. அங்க போயி வாயத் தொறந்து மொதல்ல சொல்ல வேண்டியது, இவனுக்கு லென்ஸ் நகந்துருக்குன்னு. இல்லன்னா காஸ்ட்ரிக்தான்.

---

சிப்புட்_அக்கா · வியாழன், ராத்திரி 9:30

எல்லாத்தையும் படிச்சேன், ரெண்டு தடவ. மிஸ்ஸி நீங்க அப்பா அம்மாகிட்டேர்ந்து வரும்னு சொன்னதுலேர்ந்து ஒண்ணு மனச உறுத்துது. எங்கப்பாவும் உயரம், தம்பி அப்படியே அப்பா ஜாடை. கண்ணாடி போட்டதில்ல, ஆனா தூரத்து போர்டு படிக்க மாட்டாரு, எழுத்து தெரியாததுனாலன்னு நாங்க நெனச்சோம். 43 வயசுல மில்லுல வேலை செய்யும்போது நெஞ்சுல கிழிச்ச மாதிரி வலின்னு சொல்லி முதுகப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவரு, ஆஸ்பத்திரிக்கு போற வழியிலேயே போயிட்டாரு. மாரடைப்புன்னு எழுதுனாங்க. இது அதுவா?

---

ஓய்வு_மிஸ்ஸி · வியாழன், ராத்திரி 9:41

மா, இப்ப யாராலயும் அத சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனா நீ இங்க எழுதுன அதே வார்த்தைய, கிழிச்ச மாதிரி வலி, முதுகு, 43 வயசு, உயரம், கண்ணு தெரியல, அப்படியே இருதய டாக்டர்கிட்ட சொல்லு, ஒரு சொல்லு விடாம. பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போ. மார்ஃபான் இருக்குற அப்பாவோ அம்மாவோ இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாலுல ஒருத்தருக்கு குடும்பத்துல யாருக்கும் இல்லாம புதுசாவும் வரும், அதனால அப்பாவுக்கு இருந்துச்சின்னு முடிவு கட்டவும் வேணாம்.

அப்புறம் நீ. இவ்ளோ நேரம் தம்பி தம்பின்னு சொல்ற, நீயும் அதே அப்பா பொண்ணுதானே? உன்னையும் பாத்துக்க.

---

குலைவெட்டி77 · வியாழன், ராத்திரி 10:05

தங்கச்சி, வேலைக்கு கேட்டிருந்த. ஒரு குலை பத்து கிலோலேர்ந்து இருவத்தஞ்சு கிலோ. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல லோரில ஏத்தணும், மூச்சப் புடிச்சி தூக்குற வேலை. நெஞ்சு ஸ்கேன் வர்ற வரைக்கும் அனுப்பாத. கண்ணுக்கும் ஆகாது, மட்டை, முள்ளு, தூசி. கண்ணாடி கவசம் தர்றாங்க, பத்து நிமிசத்துல வேர்வைல மூடிக்கும், கழட்டி தொப்பில மாட்டிக்குவோம், கண்ணு போனது அப்டித்தான். நானே இப்ப எடைத்தட்டுக்கு மாறிட்டேன், குலைக்கு கணக்கு எழுதுறேன். அதுலகூட வலது பக்கம் நிக்கிற லோரிய ஒருக்கா எண்ணாம விட்டுட்டேன்.

---

லயத்துப்பையன் · வெள்ளி, மத்தியானம் 12:30

ஆபரேசன் பண்ணி லென்ஸ எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிரும்ல? பிரஷர் பயமும் இல்ல, லென்சும் இல்ல.

---

கண்ணாடிக்கடை_தம்பி · வெள்ளி, மத்தியானம் 2:10

நல்ல கேள்விதான் பையா, ஆனா அப்டி இல்ல. லென்ஸ் ஓரம் பாப்பா நடுவுல வந்து எந்தக் கண்ணாடிலயும் பார்வை நிக்கலன்னாலோ, முன்னாடி விழுந்து பிரஷர் ஏத்துனாலோ, பழுத்துப் போயி அதுலேர்ந்து புரதம் கசிஞ்சி வடிகட்டிய அடைச்சாலோ எடுப்பாங்க. மத்தபடி கண்ணாடில நல்லா தெரியுதுன்னா காத்திருப்பாங்க. எடுத்தா புது லென்ஸ் வைக்க நூல் இல்லியே. அதுக்குத்தான் வளையம் வச்சி தைக்கிறது, ஐரிஸ்ல கவ்வி மாட்டுறது, கண்ணு வெள்ளைல தைக்கிறதுன்னு பல வழி இருக்கு. எதுலயும் பின்னாடி விழித்திரை கழண்டுக்குற பயம் உண்டு, மார்ஃபான்ல ஆபரேசன் இல்லாமலேயே அந்தப் பயம் இருக்கு. மின்னல் அடிக்கிற மாதிரி, கொசு பறக்குற மாதிரி, ஓரத்துலேர்ந்து திரை எறங்குற மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே ஓடணும். ஆபரேசனுக்கு அப்புறமும் பிரஷர் செக் தொடரும்.

செக்னு சொன்னதும் ஞாபகம் வருது. கடைல காத்து அடிச்சி பாக்குற மெசின் நம்பர மட்டும் நம்பி இருந்துறாதீங்க, இவங்களுக்கு கார்னியா மெல்லிசா இருக்க வாய்ப்பு, மெல்லிசுல பிரஷர் கொறைச்சிக் காட்டும். நீல லைட் வச்சி பாக்குறது, கார்னியா தடிப்பு அளக்குறது, கண்ணாடி வச்ச லென்ஸ கண்ணுல ஒட்டி அந்த மூலைய எட்டிப் பாக்குறது, நரம்ப ஸ்கேன் எடுக்குறது, புள்ளி தெரிஞ்சா பட்டன் அமுக்குற டெஸ்ட், எல்லாம் சேத்துத்தான் டாக்டரு முடிவு பண்ணுவாரு. சர்க்கார் ஸ்பெசலிஸ்ட்ல 5 வெள்ளி.

---

சிப்புட்_அக்கா · மூணு வாரம் கழிச்சி, சனி, ராத்திரி 8:15

கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிடுறேன். தம்பிக்கு ஸ்கேன் எடுத்தாச்சி. குழாய் ஆரம்பிக்கிற எடம் 4.1 சென்டிமீட்டர், கொஞ்சம் வீக்கம், இப்ப ஆபரேசன் வேணாம், வருசா வருசம் ஸ்கேன். மாத்திரை குடுத்துருக்காங்க. மொதல்ல வேற மாத்திரை எழுதுனாங்க, நான் மிஸ்ஸி சொன்ன மாதிரி இழுப்பு இருக்குன்னு சொன்னதும் அடிச்சிட்டு லோசார்டான் எழுதுனாங்க. அப்பாவ பத்தி எழுதி எடுத்துட்டுப் போன பேப்பர டாக்டர் வாங்கி ஃபைல்லயே குத்தி வச்சிக்கிட்டாரு. ஒண்ணும் சொல்லல, ரெண்டு தடவ படிச்சாரு.

என்னையும் பாத்தாங்க. லென்ஸ் எடத்துல இருக்கு, நெஞ்சும் நார்மல். அம்மா சந்தோசப்படவா அழவான்னு தெரியாம ரெண்டும் பண்ணாங்க.

கீழ எழுதப்போறது அவன். போனப் புடுங்குறான்.

---

சிப்புட்_அக்கா · சனி, ராத்திரி 8:22

வணக்கம் நான்தான் அந்த ஒட்டடைக்கம்பு. எல்லாம் படிச்சேன், ரொம்ப நன்றி, எடைத்தட்டு அண்ணனுக்கு ஸ்பெசலா. குலை ஏத்துற வேலை வேணாம்னு மாமாகிட்ட சொல்லிட்டேன், டவுன்ல போன் ரிப்பேர் கடைல சேந்துருக்கேன், அங்க என்னடான்னா சின்ன சின்ன ஸ்க்ரூ, மூக்குகிட்ட வச்சி பாக்குறேன், மொதலாளி சிரிக்கிறாரு. ஒரே ஒரு கேள்வி, சாயந்திரத்துல செப்பாக் தக்ராவ் (கால்ல உதைச்சி வலைக்கு மேல பந்து அடிக்கிறது) வெளயாடலாமா? டாக்டர்கிட்ட கேக்க மறந்துட்டேன். அக்கா பக்கத்துல முறைக்கிறா.

---

ஓய்வு_மிஸ்ஸி · சனி, ராத்திரி 8:40

வேணாம்டா ராசா. பந்து மூஞ்சிக்கு நேரா வர்ற எதுவும் வேணாம், கண்ணுக்கும் ஆகாது, நெஞ்சுக்கும் ஆகாது. நட, மெதுவா சைக்கிள் ஓட்டு. நீச்சல்னா டாக்டர கேட்டுட்டு.

---

குலைவெட்டி77 · சனி, ராத்திரி 8:44

நடுவரா நில்லு தம்பி. உன் உயரத்துக்கு வலை மேல பந்து தொட்டுச்சா இல்லையான்னு உனக்குத்தான் தெரியும்.

---

கண்ணாடிக்கடை_தம்பி · சனி, ராத்திரி 9:10

ஸ்க்ரூ பாக்குறதுக்கு தனியா ஒரு கிட்டத்துல பாக்குற கண்ணாடி போட்டுக்கலாம், மூக்குகிட்ட வைக்க வேணாம். டாக்டர் குடுத்த புது பவர் சீட்ட எடுத்துட்டு உங்க பக்கத்து அந்தக் கடை ஆள்கிட்டேயே போங்க, கண்டுபுடிச்சவரு அவருதான், வியாபாரம் அவருக்குப் போகட்டும்.